சிரிச்ச முகம் மாறாம

சோமனூர்
11.5.2025

தம்பி மதன்குமாருக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். நான் மட்டும் கோபமாக இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கல்யாணப் பத்திரிகையில் யார் பேர் விட்டுப்போயிற்று என்று தேட ஆரம்பித்துவிடுவாய். பத்திரிகையில் ஒரு குறையும் இல்லை. லோகப்பிரியா பேருக்குப் பக்கத்தில் உன் பேர் நன்றாகத்தான் இருக்கிறது.

நாலு தரம் போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. போனில் உன்னோடு சண்டை போட முடியாது. "அக்கோவ்" என்று ராகம் போட்டு இழுப்பாய், நான் சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது அப்படியே போய்விடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். நீயும் தபாலிலேயே பதில் போடு.

விஷயம் உன் பாட்டு. ஆறு மாதமாக இந்தப் பக்கம் ஒரு பஸ்காரனும் அதை விடவில்லை. எங்கள் தறிச்சாளையில் விசைத்தறி போடுகிற அத்தனை இரைச்சலிலும் தறிக்காரர் முஸ்தபா அண்ணன் போனில் அதைத்தான் வைக்கிறார். மாரியம்மன் கோயில் மைக்கிலும் அதுதான். 'வெள்ளாமைக்காரன் ஊடுங்க, எங்க வேர்வைதான் சொத்துங்க' என்று தொடங்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தம்பி பாட்டல்லவா.

வியாழக்கிழமை நித்யஸ்ரீக்குப் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. ஐந்நூற்று எண்பத்தொன்று. மாட்டு டாக்டருக்குப் படிப்பேன் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள். நாமக்கல் காலேஜே கிடைக்கும் என்று டீச்சர் சொன்னார். சாயங்காலம் என் மாமனார் "நாமக்கல்லு தூரமாச்சே" என்று வாயைத் திறந்தார். நான் சண்டைக்குத் தயாராக முந்தானையை இழுத்துச் சொருகினேன். அதற்குள் அவளே சொன்னாள்: "நான் போகலீங்க அப்பாரு. நானும் போயிட்டா தறியை ஆரு பாக்கறது? தம்பி படிக்கட்டுமுங்க. எங்கம்மா மாமனுக்கு விட்டுக்குடுத்தாங்க, நான் யஷ்வந்துக்கு விட்டுக்குடுக்கறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. உன் மச்சான் மகள் தலையைத் தடவிக்கொடுத்தார். நான் மட்டும் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் உன் மூன்றாம் சரணத்துக்கு அக்கா வேஷம் கட்டி ஆடியது அவள்தான். புத்தகத்தை ஒரு பையன் கையில் கொடுத்துவிட்டு அரிவாளை எடுத்தாள், கூட்டம் எழுந்து நின்று கை தட்டிற்று. அதை இப்போது நிஜத்தில் செய்யப் போகிறாள்.

விண்ணப்பம் போடக் கடைசித் தேதி ஜூன் இருபது. அதற்குள் அந்தச் சரணத்தை மாற்று.

உன் அக்கா
சாந்தாமணி


சென்னை
15.5.2025

மகாராணி அக்கா அவர்களுக்கு,

அடியேன் மதன் எழுதுவது. கடிதம் வந்ததும் ஸ்டுடியோவில் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். கீபோர்டு வாசிக்கும் பிரான்சிஸ், ஸ்டாம்ப் ஒட்டின கடிதத்தைக் கையில் வாங்கி எத்தனை வருஷமாயிற்று என்று முகர்ந்துகூடப் பார்த்தான். உங்கள் கையெழுத்து இன்னும் அச்சு மாதிரியே இருக்கிறது.

நித்தி மார்க்கைக் கேட்டுத் துள்ளிவிட்டேன். எங்கள் அக்கா மகள் அல்லவா! அவளுக்கு நல்லதாக ஒரு லேப்டாப் வாங்கி வைத்துவிட்டேன், கல்யாணத்துக்கு வரும்போது கொடுக்கிறேன்.

ஆனால் அக்கா, பாட்டு மேல் ஏன் கோபம்? அந்தச் சரணம் முழுக்க உங்களைக் கும்பிட்டு எழுதியது.

புத்தகத்தைத் தம்பிக்குத் தந்து
புல்லறுக்கப் போனாளே
சிரிச்ச முகம் மாறாம எங்கக்கா
சீதேவி ஆனாளே

இதில் உங்களைக் குறைத்து ஒரு வார்த்தை உண்டா? எந்த ஊர் மேடையானாலும் இந்த இடத்தில்தான் கூட்டம் கண்ணைத் துடைக்கிறது. பெரிய பெரிய ஆள்கள் மேடைக்குப் பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஊட்லயும் ஒரு அக்கா இருந்தாங்க தம்பி" என்று அழுகிறார்கள். ஏழைபாழையாக இருந்தாலும் உழைத்து, ஒருத்தரை ஒருத்தர் தாங்கிப் பிழைத்த வாழ்க்கையை யாராவது பாட வேண்டாமா? நான் அதைப் பாடித்தான் ஆளானேன்.

நித்தியிடம் நான் பேசுகிறேன். கேட்டால் சரி. அவளே வேண்டாம் என்றால் அதுவும் அவள் மனசு. தங்கமான பெண், உங்களை மாதிரியே வந்திருக்கிறாள். அதற்குச் சந்தோஷப்படாமல் கோபப்படுகிறீர்களே.

கல்யாணத்தன்று இணைச்சீருக்கு என் பக்கத்தில் நிற்கும்போது கட்டிக்கொள்ள உங்களுக்கு என்ன நிறத்தில் சேலை எடுக்கட்டும் என்று லோகப்பிரியா கேட்கிறாள். அரக்கா, பச்சையா?

தம்பி
மதன்


சோமனூர்
19.5.2025

மதனு,

சேலை எடுக்க வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

'உங்களை மாதிரியே வந்திருக்கிறாள்' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டுத் தறிச்சாளைக்குள் போய் நின்றுகொண்டேன். அங்கே கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

உழைப்பை நீ பாடினது தப்பென்று நான் சொல்லவே இல்லை. புல் அறுத்ததில் எனக்கு வெட்கமில்லை. இன்றைக்கும் விடிவதற்கு முன் எழுந்து பால் கறந்து வைத்துவிட்டுத்தான் தறிக்குப் போகிறேன். அறுந்த நூலை நான் முடிகிற வேகத்துக்கு இங்கே ஆளில்லை. உன் பாட்டின் முதல் இரண்டு சரணத்தை எவன் குறை சொன்னாலும் நானே சண்டைக்குப் போவேன். ஆனால் 'பொய்யும் சூதும் தெரியாதுங்க' என்று இரண்டாம் சரணத்தில் பாடிவிட்டு மூன்றாம் சரணத்தில் பொய் சொல்லியிருக்கிறாய்.

நான் புத்தகத்தை உனக்குத் தந்தேனா? உனக்கு அப்போது ஒன்பது வயசு. என் பிளஸ் டூ புத்தகத்தை வைத்துக்கொண்டு நீ என்ன செய்திருப்பாய்? எனக்கு வேளாண்மைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பொட்டப்புள்ளைக்கு என்னத்துக்கு என்று அப்பா அந்தக் காகிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நான் மாட்டுச்சாளையில் போய் உட்கார்ந்துகொண்டேன். மூன்று நாள். பச்சைத் தண்ணீர் மட்டும்தான். அம்மா வந்து அழுதாள், பெரியப்பா வந்து திட்டினார். உனக்கு ஞாபகமில்லை என்று சொல்லாதே. என் காலடியில் உட்கார்ந்து கன்றுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தவன் நீ.

சிரித்த முகம் என்று எந்த நாளைச் சொல்கிறாய்?

இதையெல்லாம் நித்யஸ்ரீயிடம் நானே சொல்லிப் பார்த்தேன். "நீங்க அடக்கமா பேசறீங்கம்மா" என்கிறாள். பாட்டில் நீ என்னை அடக்கமானவள் என்று ஊருக்கே சொல்லிவைத்திருக்கிறாய், நான் இல்லை என்று சொன்னால் அதுவும் அடக்கத்தில் சேர்ந்துவிடுகிறது. நான் சொன்னால் நம்ப மாட்டாள். நீ பாடினால்தான் நம்புவாள். லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அவள் இங்கே என்ன செய்வாள், தறிக்கு நூல் தார் சுற்றுவாளா?

ஜூன் ஏழு சாயங்காலம் சூலூர் மண்டபத்தில் வரவேற்பு. நீ அந்தப் பாட்டைப் பாடாமல் யாரும் உன்னை மேடையை விட்டு இறங்க விடப்போவதில்லை. அங்கே, நித்யஸ்ரீ கேட்க, நிஜத்தைப் பாடு. பாடினால் மறுநாள் காலை இணைச்சீருக்கு உன் பக்கத்தில் வந்து நிற்பேன். பாடாவிட்டால் வந்து பந்தியில் சாப்பிட்டுவிட்டு ஊர் போய்ச் சேருவேன். கூடப் பிறந்தவள் நிற்காமல் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் எப்படி நடக்கும் என்று பெரியவர்களைக் கேட்டுக்கொள்.

மிரட்டுகிறேன் என்று நினைப்பாய். ஆமாம், மிரட்டுகிறேன்.

சாந்தாமணி


சென்னை
24.5.2025

அக்காவுக்கு,

நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் என்னால் முடியாதவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, அந்தப் பாட்டு இப்போது என்னுடையதில்லை. கம்பெனிக்காரர்கள் பேருக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஒரு எழுத்தை மாற்றவும் அவர்கள் சம்மதிக்க வேண்டும். கேட்டேன், சிரித்தார்கள்.

அப்புறம் அப்பா. முன்வரிசையில் பட்டு வேட்டி கட்டி உட்கார்ந்திருப்பார். மகன் கல்யாணத்தில், மேட்டுப்பாளையத்துச் சம்பந்தி ஜனம் எல்லாம் பார்க்க, அவர் செய்ததை நான் மைக்கில் பாடுவதா? எழுபத்திரண்டு வயசு மனுஷர். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள் அக்கா. உங்களுக்கு அவர் மேல் கோபம் இருந்தால் அவரிடமே கேட்டிருக்கலாம். இருபத்தொரு வருஷமாக ஏன் கேட்கவில்லை?

இதுவரை எழுதியதும் தபால் பெட்டிவரை போய்விட்டேன். போடவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்து மீதியை எழுதுகிறேன்.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மூன்றாம் நாள் மத்தியானம் அப்பா என்னைக் கூப்பிட்டார். "நீ போனா சாப்புடுவா. நானும் மூணு நாளா ஒண்ணும் திங்கலீன்னு சொல்லு" என்றார். நான் வந்து சொன்னேன். நீங்கள் என்னையே பார்த்தீர்கள். அப்புறம் அம்மா கையிலிருந்த தட்டை வாங்கி எனக்கு முதல் வாய் ஊட்டிவிட்டு நீங்களும் சாப்பிட்டீர்கள். அத்தோடு எல்லாம் முடிந்தது. ஆவணியில் உங்களுக்கு நிச்சயம் செய்துவிட்டார்கள்.

அது பொய் அக்கா. மூன்று நாளும் அம்மா எனக்கு உள்வீட்டில் வைத்துச் சோறு போட்டாள். மூன்றாம் நாள் இரண்டு மாம்பழம் வேறு. அந்தப் பொய்யை நான் சொல்லியிருக்காவிட்டால் நீங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள், அப்பா இறங்கி வந்திருப்பார், நீங்கள் படித்திருப்பீர்கள். காலேஜில் சேர்ந்த முதல் நாள் எனக்கு இது உறைத்தது. அதிலிருந்து ஒரு நாள் விட்டதில்லை. நீங்கள் சிரித்துக்கொண்டே எனக்காக விட்டுக்கொடுத்தீர்கள் என்று எழுதினால் கொஞ்சம் தாங்க முடிந்தது. எழுதினேன். ஊர் கை தட்டிற்று. அதற்கப்புறம் நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

இதைச் சபையில் எப்படிப் பாட?

மதன்


சோமனூர்
28.5.2025

மதனு கண்ணு,

உன் சட்டை முழுக்க மாம்பழச் சாறு. வாயைத் திறந்தால் மாம்பழ வாசம். நீ பொய் சொல்கிறாய் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

தெரிந்துதான் சாப்பிட்டேன். உனக்காக இல்லை. எனக்குப் பசித்தது. பதினேழு வயசு வயிறு. அந்த வாசம் மூக்கில் ஏறினதும் கை தானாகத் தட்டுக்குப் போய்விட்டது. எழுந்திருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது, நீ அதைக் கொண்டுவந்து கொடுத்தாய். அவ்வளவுதான். இருபத்தொரு வருஷம் நீ இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாய் என்று நினைத்தால் அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. ஒன்பது வயசுப் பிள்ளையை எவளாவது குற்றம் சொல்வாளா? இறக்கி வை.

அப்பாவை ஏன் கேட்கவில்லை என்றாய். தோற்றவள் எந்த முகத்தோடு போய்க் கேட்பாள்? நான் விட்டுக்கொடுக்கவில்லை மதனு. சண்டை போட்டேன், தோற்றேன். ஒரு பெண்ணுக்கு இது இரண்டும் ஒன்றில்லை. விட்டுக்கொடுத்த அம்மாவைப் பார்த்தால் மகளுக்கும் விட்டுக்கொடுக்கத் தோன்றும். சண்டை போட்டுத் தோற்ற அம்மாவைப் பார்த்தால் மகளுக்கு வேறு ஏதாவது தோன்றும். என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் தோன்றட்டும்.

கம்பெனிக்காரர்கள் பாட்டை வைத்துக்கொள்ளட்டும். உன் வாயையும் சேர்த்தா எழுதிக் கொடுத்தாய்? உன் கல்யாண மண்டபத்தில் நீ என்ன பாடினாய் என்று எவன் வந்து எட்டிப் பார்க்கப் போகிறான்?

அப்பாவைத் தலைகுனிய வைக்க எனக்கு ஆசையில்லை. அவர் பேரைச் சொல்லாதே, அப்பா என்ற வார்த்தையே வேண்டாம். என்னைப் பற்றி உள்ளதை மட்டும் பாடு. கேட்டுவிட்டு அவருக்குச் சுருக்கென்றால் அது அவர் பாடு.

நேற்று நித்யஸ்ரீ தார் சுற்றப் பழகினாள். இரண்டே மணி நேரத்தில் கை பழகிவிட்டது. "பாத்தீங்களாம்மா" என்று காட்டினாள். விண்ணப்பத்துக்கு வேண்டிய சர்டிபிகேட் எல்லாம் ஒரு உறையில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா


சென்னை
2.6.2025

அக்காவுக்கு,

நாளை மறுநாள் ரயில் ஏறுகிறேன். அதற்கு முன் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

லோகப்பிரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணிடம் இதெல்லாம் சொல்லலாமா என்று பயந்தேன். அவள் கேட்டுவிட்டு, "உங்க அக்கா நிக்கலீன்னா நானும் மணவறைக்கு வரலீங்க" என்று சொல்லிவிட்டாள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துவிட்டீர்கள், இனி என் கதி என்ன ஆகுமோ தெரியவில்லை.

உங்களைப் பற்றி மட்டும் பாடச் சொன்னீர்கள். அப்படி எழுதிப் பார்த்தேன், வரவில்லை. நீங்கள் தோற்றீர்கள் என்று எழுதினால், யாரிடம் தோற்றீர்கள் என்று அடுத்த அடி கேட்கிறது. அப்பா என்று எழுத மனசு வரவில்லை. என்னை விட்டுவிட்டு எழுதவும் மனசு வரவில்லை. கடைசியில் இப்படி வந்தது:

புத்தகத்தைப் பிடுங்கிக்கிட்டு
புல்லறுக்க அனுப்புனோம்
மூணு நாளு பட்டினி கெடந்தா எங்கக்கா
முழிச்சிருந்தும் தூங்குனோம்

நாங்கள் எல்லாரும்தான் அக்கா. அப்பா, அம்மா, பெரியப்பா, நான். ஒருத்தரும் விடுபடவில்லை.

பிரான்சிஸிடம் பாடிக் காட்டினேன். இந்த இடத்தில் யாரும் கை தட்ட மாட்டார்கள் என்றான். தெரியும் என்றேன். குரல் உடையாமல் நிற்குமா என்பதுதான் பயம். நின்றாலும் நிற்காவிட்டாலும் பாடுவேன்.

அரக்குச் சேலை எடுத்தாகிவிட்டது. உங்களைக் கேட்கவில்லை.

மதன்


சோமனூர்
14.6.2025

தம்பி மதனுக்கும் லோகப்பிரியாவுக்கும்,

மேட்டுப்பாளையத்து மாமனார் வீட்டு விருந்தில் இந்நேரம் ஒரு சுற்றுப் பெருத்திருப்பாய். இனிமேல் போனில் பேசலாம்தான், எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது. ஆனாலும் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

நீ மேடையில் கண்ணை மூடிக்கொண்டு பாடினாய். கீழே நடந்ததை நீ பார்க்கவில்லை. மூன்றாம் சரணம் வருகிறது என்று எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு தயாராக இருந்தார்கள். 'பிடுங்கிக்கிட்டு' என்றதும் தூக்கின கை அப்படியே நின்றது. 'தூங்குனோம்' என்று உன் குரல் உடைந்ததே, அப்போது மண்டபத்தில் ஃபேன் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நம்ம பெரிய அத்தை, "இந்தப் பையன் வரியை மறந்துபோட்டானா?" என்று பக்கத்தில் கேட்டாள். அப்பா எழுந்து பந்திப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் விடிகாலை நான் இணைச்சீருக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது அவர் கதவருகில் வந்து நின்றார். "நாலு பேரு முன்னால சொல்லித்தான் ஆகோணுமா சாந்தா?" என்றார். "சொல்லித்தானுங்க ஆகோணும்" என்றேன். திரும்பிப் போய்விட்டார். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. எனக்கு வருத்தம்தான். ஆனால் சொன்னபடி உன் பக்கத்தில் வந்து நின்றேன்.

நித்யஸ்ரீ முன்வரிசையில் நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சரணத்தில் போனை இறக்கிவிட்டாள். மூன்று நாள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. உன்னையும் என்னையும் சேர்த்து வெறுத்துவிட்டாளோ என்று பயந்துபோனேன்.

நாலாம் நாள் தார் சுற்றுகிற இடத்துக்கு வந்து நின்றாள். முகமெல்லாம் சிவந்து கிடந்தது.

"மூணு நாளு இருந்தீங்களே, நாலாவது நாளும் இருந்திருந்தா அப்புச்சி உட்டிருப்பாங்களா?"

"உட்டிருக்கலாம் கண்ணு."

"அப்பறம் ஏம்மா எந்திரிச்சீங்க?"

"பசிச்சுது."

"பசிச்சா?" என்றாள். அத்தனை கோபத்தோடு அவள் என்னோடு பேசினதே இல்லை. "ஒரே ஒரு நாளுங்கம்மா! ஒரு நாளு பொறுக்க முடியலீங்களா உங்களுக்கு?"

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டால் கோபம் ஆறிவிடும் என்று சும்மா நின்றேன். அவள் உள்ளே போய் நான் எடுத்து வைத்திருந்த உறையை எடுத்துக்கொண்டாள்.

நேற்றுக் காலை எல்லாரும் பலகாரம் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தான் விண்ணப்பம் போடச் சூலூர் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போவதாகச் சொன்னாள். என் மாமனார் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "ஏன் அம்மணி, அன்னைக்கு வேண்டாம்னியே. உங்கொம்மா மாதிரி இருக்கறேன்னு சொன்னியே" என்றார். உன் மச்சான் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன்.

"ஆமாங்க அப்பாரு, எங்கம்மா மாதிரித்தான் இருப்பேன்" என்றாள். "அவிய மூணு நாளு பட்டினி கெடந்தாங்க. என்னைய வேண்டாம்னு சொல்லிப்பாருங்க, நான் நாலு நாளு கெடப்பேன்."

உன் மச்சான் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடப் போனார். நான் அவள் தட்டில் இன்னொரு தோசை வைத்தேன், வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டாள்.

அக்கா
சாந்தாமணி